பயணக் கேள்வி–பதில்: குரோஷியாவின் தீவுகளுக்குப் போகும் வழி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, குரோஷியாவைப் பற்றியவை. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிகூட இல்லாத அந்த நாட்டுக்கு ஆட்ரியாட்டிக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் உள்ளன. மக்கள் குடியிருப்பது அவற்றில் ஏறத்தாழ ஐம்பதில்தான். இருமுறை அங்கு சென்று வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை பதில் தருகிறேன்.

நானும் என் கணவரும் செப்டம்பரில் பத்து நாள் குரோஷியா செல்கிறோம். ப்ராச், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, ம்லியெட் ஆகிய ஐந்து தீவுகளோடு துப்ரோவ்னிக்கையும் பிளிட்விட்சே ஏரிகளையும் பார்க்க ஆசை. வரைபடத்தில் தீவுகள் எல்லாம் அருகருகேதான் இருக்கின்றன. முடியுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

ஐந்து தீவுகளிலும் கால் வைத்துவிட்டு வரலாம். எதையும் பார்த்ததாக இருக்காது. அந்தக் கடற்கரையில் தூரத்தைப் படகுகளின் கால அட்டவணையைக் கொண்டுதான் அளக்க வேண்டும். ப்ராச்சின் தென்கரையில் நின்றால் எதிரே ஹ்வார் தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் இடையே கார் ஏற்றும் ஃபெர்ரி கிடையாது. ஃபெர்ரிகளில் பெரும்பாலானவை ஸ்ப்ளிட் போன்ற நிலப்பகுதித் துறைமுகங்களிலிருந்து ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியே போய்த் திரும்புகின்றன. காருடன் ப்ராச்சிலிருந்து ஹ்வாருக்குப் போக நினைப்பவர், கண்ணெதிரே தெரியும் தீவுக்காக நிலப்பகுதிக்குத் திரும்பி வந்து மறுபடியும் ஃபெர்ரி ஏற வேண்டும். ஆட்களை மட்டும் ஏற்றும் வேகப் படகுகள் சில, தீவுகளைக் கோத்தபடி துப்ரோவ்னிக் வரை செல்கின்றன. கோடைக்கே உரிய அந்தப் பயணங்கள் செப்டம்பர் முடியும்போது குறையத் தொடங்கிவிடும் என்பதால், உங்கள் தேதிக்குரிய அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திட்டத்தை எழுதுங்கள்.

என் யோசனை இது: ஜாக்ரெப்பில் இறங்கி, கடற்கரைக்குப் போகும் வழியிலேயே பிளிட்விட்சேயை முடித்துவிடுங்கள். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும். ஏரிகளில் குளிக்க அனுமதி இல்லை. பிறகு ஸ்ப்ளிட்டில் இரண்டு இரவு. ரோமப் பேரரசர் தியோக்லீஷியன் ஓய்வுக்காலத்துக்கென்று கட்டிய அரண்மனைக்குள்ளேயே அந்த ஊரின் பழைய பகுதி அமைந்திருக்கிறது. அரண்மனைச் சுவருக்குள் இன்றும் வீடுகளும் கடைகளும் நடக்கின்றன. அதன்பின் ஹ்வார், விஸ் இரண்டு மட்டும், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. துப்ரோவ்னிக் கட்டாயம் வேண்டுமென்றால் விஸ்ஸை விட்டுவிடுங்கள். ஆனால் எனக்கு மனம் வராது.

ஏன் மூன்று இரவு என்று கேட்பீர்கள். ஹ்வாருக்கு ஒரு பகல் மட்டும் வருகிறவர்கள் ஹ்வார் நகரத்தின் படகுத்துறையையும் கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஸ்டாரி கிராட் என்னும் ஊரை ஒட்டிய சமவெளியை அவர்கள் பார்ப்பதில்லை. கி.மு. 384-இல் பாரோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய கிரேக்கர்கள் அந்த நிலத்தை அளந்து, செவ்வகப் பாத்திகளாகப் பிரித்து, எல்லைக்குக் கல்சுவர் எழுப்பினார்கள். அதே எல்லைகளுக்குள் இன்றும் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. 2008-இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. ஒரு மாலை அங்கே நடந்துகொண்டிருந்தபோது, சரிந்துபோன சுவர் ஒன்றைப் பெரியவர் ஒருவர் தனியாகச் சீர்செய்துகொண்டிருந்தார். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லை. ஒரு கல்லை எடுத்து மூன்று நான்கு பக்கம் திருப்பிப் பார்ப்பார், வைப்பார், உள்ளங்கையால் அழுத்தி ஆடுகிறதா என்று பார்ப்பார், ஆடினால் எடுத்துவிடுவார். கால் மணி நேரத்தில் அவர் வைத்து முடித்தவை ஆறு கற்கள் இருக்கும். கடைசிப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்திருந்தால் அந்தக் கால் மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

விஸ் வேறு வகை. யூகோஸ்லாவியக் காலத்தில் ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவருக்கு அங்கே அனுமதியே இல்லை. பெரிய விடுதிகள் எழும்பாமல் போனதற்கு அதுதான் காரணம். இன்று அதுவே அந்தத் தீவின் அழகாகிவிட்டது.

வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு தீவுகளுக்குப் போவது நல்லதா, பேருந்தும் படகும் போதுமா?
— வாசகர், ஈரோடு

நிலப்பகுதியில் பேருந்தே போதும். ஸ்ப்ளிட்டில் ரயில் நிலையம், பேருந்து நிலையம், படகுத்துறை மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே மாறிக்கொள்ளலாம். துப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது. பேருந்தின் அடியில் பெட்டி வைக்கத் தனியாகச் சிறு கட்டணம் கேட்பார்கள் என்பதால் சில்லறை யூரோக்களைக் கையில் வைத்திருங்கள்.

கடலில் இருவகைக் கலங்கள் ஓடுகின்றன. கார் ஏற்றும் ஃபெர்ரி பெரியது, மெதுவானது. நடந்து வருபவருக்கு அதில் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். மற்றது, ஆட்களை மட்டும் ஏற்றும் வேகப் படகு. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘கட்டமரான்’. நம் கரையோரத்துக் கட்டுமரம் என்ற சொல்தான் ஐரோப்பிய மொழிகளுக்குள் சென்று, இணையான இரண்டு உடல்கள் கொண்ட படகைக் குறிக்கும் சொல்லாக மாறி, அங்கே டிக்கெட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் நிற்கிறது. அதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். கட்டமரானில் இருக்கைகள் எண்ணித்தான் விற்கப்படும்; கோடையில் முன்னதாகவே தீர்ந்துவிடும். முன்பதிவு செய்யுங்கள்.

காரோடு போகிறவர் இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். பல வழித்தடங்களில் கார் டிக்கெட் வாங்கியதாலேயே குறிப்பிட்ட ஃபெர்ரியில் இடம் உறுதியாகிவிடாது. வரிசையில் முந்தி நிற்பவரே முதலில் ஏறுவார். ஜூலை, ஆகஸ்டில் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போய் நிற்பது அவசியம். இரண்டாவது, எந்தத் துறையில் இறங்குகிறோம் என்பது. ஸ்ப்ளிட்டிலிருந்து ஹ்வாருக்குப் போகும் கார் ஃபெர்ரி, ஹ்வார் நகரத்துக்குப் போவதில்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில் ஸ்டாரி கிராட் துறைக்குப் போகிறது. அங்கிருந்து நகரம் 20 கி.மீ. தொலைவு.

முதல் பயணத்தில் நான் ஏமாந்தது இன்னொரு துறையில். த்ர்வேனிக் என்ற ஊரிலிருந்து ஹ்வாரின் கிழக்கு முனையிலுள்ள சூச்சுராயுக்கு அரை மணி நேரத்துச் சொச்சத்தில் போய்விடலாம் என்று அட்டவணையில் பார்த்ததும், கடல் பயணம் சுருக்கமாக இருக்கிறதே என்று அதையே தேர்ந்தெடுத்தேன். இறங்கும்போது இருட்டிவிட்டது. தீவின் மறுமுனைக்கு எழுபது கிலோமீட்டருக்கும் மேல் சாலை. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகலான மலைச் சாலை. நீளவாக்கில் அறுபத்தெட்டு கிலோமீட்டர் அளவுக்குக் கிடக்கும் தீவு அது என்பதை முன்பே கவனித்திருக்க வேண்டும்.

என்னிடம் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா உள்ளது. துப்ரோவ்னிக்கிலிருந்து ஒரு நாள் பயணமாக மான்டெனீக்ரோவின் கோட்டோருக்கும், போஸ்னியாவின் மோஸ்டாருக்கும் போகலாம் என்கிறார்களே?
— வாசகர், மதுரை

போகாதீர்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் ஷெங்கன் வட்டாரத்தில் இருக்கிறது; யூரோவும் அன்றுதான் வந்தது. மான்டெனீக்ரோவும் போஸ்னியாவும் அந்த வட்டாரத்துக்கு வெளியே உள்ளவை. ஒருமுறை விசாவோடு வெளியேறினால் அந்த விசா முடிந்துவிடும். உங்கள் பெட்டி துப்ரோவ்னிக் அறையில் இருக்க, நீங்கள் எல்லையில் நிற்க நேரும்.

ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் போகும் சாலையிலும் இதே சிக்கல் உண்டு. நெயும் என்னும் ஊரை ஒட்டிய சுமார் 20 கி.மீ. கடற்கரை போஸ்னியாவுக்குச் சொந்தம். வெனிஸ் தன் எல்லையைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்துத் துப்ரோவ்னிக் குடியரசு 1699-இல் உதுமானியருக்கு விட்டுக்கொடுத்த துண்டு அது. 2022 ஜூலை 26 அன்று திறக்கப்பட்ட 2.4 கி.மீ. நீளமுள்ள பெல்யெஷாட்ஸ் பாலம் அந்தத் துண்டைத் தொடாமலே குரோஷியாவின் இரு பகுதிகளையும் இணைக்கிறது. பேருந்து ஏறும் முன், பாலம் வழியாகவா நெயும் வழியாகவா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

எழுபது வயதைத் தாண்டிய பெற்றோருடன் போகிறேன். இருவரும் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?
— வாசகி, தஞ்சாவூர்

உணவைச் சமாளிக்கலாம், படிக்கட்டுகள்தான் கடினம். துப்ரோவ்னிக், ஹ்வார் போன்ற ஊர்களின் தெருக்களில் பாவிய சுண்ணாம்புக்கல், நூற்றாண்டுகளாகக் கால்பட்டுக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிக் கிடக்கிறது. மழை பெய்தால் வழுக்கும். அறை பதிவு செய்யும்போது எத்தனை படி ஏற வேண்டும் என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள். கடற்கரையிலும் பெரும்பாலும் கூழாங்கல்தான், நீருக்குள் முள்ளெலிபோல் உருண்டை உருண்டையாகக் கடல்முள்ளிகள் ஒட்டியிருக்கும்; ரப்பர் செருப்பு இல்லாமல் கால் வைக்க வேண்டாம்.

சாப்பாட்டில் ‘ப்லித்வா’ என்று கேளுங்கள். கீரை வகை ஒன்றை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, பூண்டும் ஒலிவ எண்ணெயும் சேர்த்துத் தருவார்கள்; நம் கீரைக் கடையலின் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றும். ஸ்ப்ளிட்டைச் சுற்றிக் கிடைக்கும் ‘சோபார்னிக்’, அதே கீரையை இரண்டு மெல்லிய மாவு அடைகளுக்கு நடுவே பரப்பிச் சுடுவது. விஸ் தீவின் ‘பொகாச்சா’ பார்க்க அப்படியே இருந்தாலும் உள்ளே நெத்திலி இருக்கும். அங்கே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ‘பெஸ் மேசா, பெஸ் ரிபே’, அதாவது இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

சுற்றுலாப் பயணிகளால் அந்த ஊர்க்காரர்கள் அவதிப்படுவதாகப் படித்தேன். நாமும் போய் அந்தக் கூட்டத்தைக் கூட்ட வேண்டுமா?
— வாசகர், திருநெல்வேலி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. துப்ரோவ்னிக்கின் நெருக்கடி உண்மையானது. ஒரே சமயத்தில் இரண்டு சொகுசுக் கப்பல்களுக்கும் நான்காயிரம் பயணிகளுக்கும் மேல் வேண்டாம் என்று அந்த நகரம் 2019-இல் கப்பல் நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. மதில்மேல் நடந்து கீழே பார்த்தால் ஓட்டுக் கூரைகள் இரு நிறமாகத் தெரியும்: மங்கிய பழைய ஓடுகள் கொஞ்சம், பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் மிகுதி. புதியவை, 1991 டிசம்பர் 6 உட்பட, யூகோஸ்லாவியப் படை நகரை முற்றுகையிட்டிருந்த காலத்தில் விழுந்த குண்டுகளால் உடைந்தவற்றுக்கு மாற்றாகப் போடப்பட்டவை. அந்தக் கூரைகளைப் படம் எடுப்பவர்களில் பலருக்கு அது தெரியாது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தீவுகளின் நிலை வேறு. நாட்டு வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சுற்றுலாவிலிருந்து வருகிறது. தீவுகளுக்கோ இரண்டு மூன்று மாத வருமானத்தில் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். நாம் ஏறும் அதே ஃபெர்ரியில்தான் அவர்களுடைய ரொட்டியும் மருந்தும் எரிவாயு உருளையும் வருகின்றன. மருத்துவமனைக்குப் போகிறவரும் அதில்தான் போகிறார். அதனால்தான் குளிர்காலத்தில் பாதி காலியாக ஓடும் வழித்தடங்களுக்கும் அரசு மானியம் தருகிறது; ரியேகாவைத் தலைமையிடமாகக் கொண்ட யாத்ரோலினியா என்னும் அரசு நிறுவனமே பெரும்பாலான ஃபெர்ரிகளை ஓட்டுகிறது. தண்ணீரும் அப்படித்தான்: ப்ராச்சுக்கும் ஹ்வாருக்கும் நிலப்பகுதியின் செட்டினா ஆற்று நீர் கடலடிக் குழாயில் போகிறது. போங்கள், ஆனால் ஆகஸ்டை விட்டு மே, ஜூன், செப்டம்பரில் போங்கள். ஒரே ஊரில் பல நாள் தங்குங்கள், குடும்பம் நடத்தும் ‘கொனோபா’ என்ற சிற்றுணவகங்களில் சாப்பிடுங்கள், குளிக்கும்போது தண்ணீரை அளந்து திறங்கள்.

காற்று பலமாக இருந்தால் படகுகள் நின்றுவிடுமாமே?
— வாசகி, புதுச்சேரி

நிற்கும். வடகிழக்கு மலைகளிலிருந்து திடீரென்று இறங்கும் வறண்ட குளிர்காற்றுக்குப் ‘பூரா’ என்றும், தென்கிழக்கிலிருந்து ஈரத்தோடு வந்து அலையை உயர்த்தும் காற்றுக்கு ‘யூகோ’ என்றும் பெயர். முதலில் நிறுத்தப்படுபவை கட்டமரான்கள். பெரிய ஃபெர்ரிகள் இன்னும் சற்று தாக்குப்பிடிக்கும். பூரா கடுமையாக வீசினால் க்ர்க் தீவுக்குப் போகும் பாலத்தைக்கூட மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் அதிகம், கோடையில் குறைவு; எந்த மாதத்திலும் வராது என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே ஊர் திரும்பும் விமானம் காலையில் என்றாலும் மாலையில் என்றாலும், அதற்கு முந்தைய இரவைத் தீவில் கழிக்காமல் ஸ்ப்ளிட்டுக்கு வந்து தங்கிவிடுங்கள்.