நீட்டி எழுதினா பிழையா?

கேள்வி: அண்ணா, ஒன்லைன்ல நாலு பந்தி எழுதினா "சுருக்குங்கோ" எண்டுறாங்கள், சுருக்கினா கருத்தே இல்லையாம். எவ்வளவுதான் எழுதுறது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, நீளம் பிழையில்ல, இழுக்கிறதுதான் பிழை. ட்விட்டர், ஒரு பதிவுக்கு 140 எழுத்துத்தான் எண்டு இருந்தத 2017ல 280 ஆக்கினது, அதுக்குள்ளயும் வெறும் சத்தம் போட்டவங்க இருந்தாங்கதானே. "பஸ்காரர் அநியாயம்" எண்டு மட்டும் போட்டா சண்டைதான் வரும், அதையே "வெள்ளவத்தையில ஏறி கோட்டையில இறங்கினன், டிக்கெட்டும் தரேல்ல மிச்சக் காசும் தரேல்ல" எண்டு எழுதினா ஆக்கள் நிண்டு வாசிப்பாங்கள், பதிலும் சொல்லுவாங்கள். அனுப்ப முதல் ஒருக்கா சத்தமா வாசிங்கோ, மூச்சு வாங்குற இடத்தில வெட்டுங்கோ. நாங்க இங்க சுருக்கிப் போட்ட உங்கட முழுக் கடிதத்தில முதல் 6 வரியும் மன்னிப்புத்தான், கேள்வி ஏழாவது வரியிலதான் வருது, அங்கயிருந்தே தொடங்குங்கோ.