இத்தாலியை முழுக்க ரயிலிலேயே சுற்றிப் பார்க்க முடியுமா? இரண்டு வாரத்தில் கணவன் மனைவி இருவரும் எத்தனை ஊர் பார்க்கலாம்?

தாராளமாக முடியும். இரண்டு வருடம் முன்பு அக்டோபரில் நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போய் வந்தோம். பதினான்கு இரவு. காரும் எடுக்கவில்லை, டூர் கம்பெனியையும் நாடவில்லை.

எத்தனை ஊர் என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டையே வந்தது. இவர் ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி. எக்செல் திறந்து மிலன், கோமோ, வெரோனா, வெனிஸ், புளோரன்ஸ், சியனா, ரோம், நேப்பிள்ஸ், அமால்ஃபி என்று ஒன்பது ஊர் போட்டு, ரயில் நேரத்துக்கு ஒரு நிறம், ஓட்டலுக்கு ஒரு நிறம் என்று தீட்டி வைத்திருந்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இதில் எத்தனை தடவை பெட்டி கட்டணும்?" எண்ணிப் பார்த்தார். எட்டு. அன்று ராத்திரியே அந்த எக்செல் மூடப்பட்டது.

கடைசியில் நாங்கள் தங்கியது நாலே ஊரில்: ரோம் நாலு இரவு, லூக்கா நாலு, பொலோனியா நாலு, வெனிஸ் இரண்டு. பெட்டி கட்டியது மூன்று தடவை. ஆனால் பார்த்த ஊர்கள் ஒன்பதுக்குக் குறையவில்லை. காலையில் கைப்பையோடு கிளம்பிப் போய், சாயங்காலம் அதே அறைக்குத் திரும்பி வந்துவிடுவோம். ரயிலை நம்பிப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஒரு ஊரில் கூடாரம் போட்டுக்கொண்டு சுற்றுப்புறத்தைப் பாருங்கள்.

முதலில் ரயில்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே இரண்டு ஜாதி ரயில். ஒன்று, மணிக்கு 300 கிலோமீட்டர் வரை ஓடும் அதிவேக ரயில்கள். அரசு ரயிலுக்கு ஃப்ரெச்சாரோசா என்று பெயர், சிவப்பு அம்பு என்று அர்த்தம். அதற்குப் போட்டியாக 2012 முதல் ஓடுகிற தனியார் ரயில் இத்தாலோ. ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்தான். இவற்றின் டிக்கெட் விலை விமான டிக்கெட் மாதிரி ஏறும், இறங்கும். மூன்று மாதம் முன்னாலேயே வாங்கினால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். இன்னொன்று ரீஜியோனாலே, நம்மூர் பாசஞ்சர் மாதிரி. விலை என்றைக்கும் ஒன்றுதான், சீட் நம்பர் கிடையாது, ஏறும் முன் வாங்கினால் போதும். இதற்கெல்லாம் முன்பதிவு செய்கிறேன் என்று சென்னையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாஸ் எடுக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். எங்கள் மாதிரிப் பயணத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டித்தான் ஆகவேண்டும்.

ரோமைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு இடுப்பளவு உயரத்தில் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று நின்று நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். அதன் வளைந்த மூக்கை வைத்து நாசோனே, அதாவது பெரிய மூக்கு என்று பெயர். 1870களில் வைக்க ஆரம்பித்தார்களாம். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில் மாதிரி எழும்பும், குனியாமல் குடிக்கலாம். இவர் முதல் தடவை அடைத்தபோது சட்டை முழுக்க நனைந்தது தனிக்கதை.

ரோமிலிருந்து ஒரு நாள் ஓர்வியேத்தோ போனோம். ரீஜியோனாலேயில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். ஊர் ஒரு பாறைக் குன்றின் உச்சியில் இருக்கிறது, ஸ்டேஷன் கீழே. ஸ்டேஷன் வாசலுக்கு எதிரிலேயே பழனி விஞ்ச் மாதிரி ஒரு இழுவை ரயில் இருக்கிறது, சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடும்.

அது மேலே போய் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிணறு. எல்லாரும் நேராகக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பேராலயத்தைப் பார்க்க ஓடுகிறார்கள். நீங்கள் கிணற்றை விட்டுவிடாதீர்கள். 1527ல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமெண்ட் தப்பித்து இந்த ஊருக்கு வந்தார். முற்றுகை வந்தால் குடிதண்ணீருக்கு என்ன செய்வது என்று பயந்து வெட்டச் சொன்ன கிணறு இது. வேலை முடியப் பத்து வருடம் ஆனது. ஆழம் 50 மீட்டருக்கு மேல். சுற்றுச்சுவருக்குள்ளேயே இரண்டு சுழல் பாதைகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆனால் நடுவில் எங்கேயும் சேராமல் அடிவரை போகின்றன. தண்ணீர் சுமக்கிற கோவேறு கழுதைகள் ஒரு வழியில் இறங்கி, அடியில் சின்னப் பாலத்தைக் கடந்து, மறு வழியில் ஏறிவிடும். எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளவே முடியாது. படிகள் 248. கழுதை நடக்கச் செய்தது என்பதால் ஒவ்வொன்றும் அகலம் அதிகம், உயரம் குறைவு. என் முழங்கால் அந்த போப்புக்கு நன்றி சொன்னது.

பாதை நெடுக கிணற்றுப் பக்கம் ஜன்னல்கள் உண்டு. நான் பாதி இறங்குவதற்குள் இவர் பாலத்தைத் தாண்டி மறுபக்கம் ஏற ஆரம்பித்துவிட்டார். எதிர் ஜன்னலில் ஒரு தொப்பி தெரிந்தது. "என்னங்க!" என்று கூப்பிட்டேன். அந்தச் சத்தம் கீழே தண்ணீர் வரை போய் மேலே வானம் வரை வந்தது. முன்னால் போன ஜெர்மன் கிழவர் ஒருவர் திரும்பி, "யெஸ்?" என்றார்.

லூக்கா போகப் புளோரன்ஸில் ரயில் மாற வேண்டும். இங்கே இரண்டு விஷயம். அறிவிப்புப் பலகையில் புளோரன்ஸ் என்று இருக்காது, ஃபிரென்சே என்றுதான் இருக்கும். வெனிஸ் அங்கே வெனேட்சியா, நேப்பிள்ஸ் நாப்போலி. அதோடு ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஊரின் பெயர்தான் பெரிதாகத் தெரியும். லூக்கா வழியாகப் போகும் ரயிலில் வியாரெஜ்ஜோ என்று போட்டிருந்தது. லூக்காவைத் தேடித் தேடி ஒரு ரயிலை விட்டோம். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணை வைத்துத் தேடுங்கள். 'பினாரியோ' என்றால் பிளாட்பாரம், 'ரித்தார்தோ' என்றால் தாமதம். இந்த இரண்டு வார்த்தை போதும், காலம் தள்ளிவிடலாம்.

இரண்டாவது விஷயம் எங்கள் முட்டாள்தனம். ரீஜியோனாலேக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்னப் பெட்டியில் செருகித் தேதி முத்திரை அடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அடுத்த ரயிலைப் பிடித்த அவசரத்தில் அடிக்கவில்லை. பரிசோதகர் வந்தார். இவர் டிக்கெட்டை நீட்டினார், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரசாங்க வேலையில் முப்பது வருடம் ஆடிட் ஆட்சேபணை எழுதிய மனிதர், டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டி ரசீது வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை பேச்சில்லை. போனில் வாங்கும் டிக்கெட்டுக்கு இந்த முத்திரை கிடையாது, ஆனால் பயணத்தன்று 'செக்-இன்' அழுத்தச் சொல்லும். அதையும் மறக்காதீர்கள்.

லூக்காவை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், புளோரன்ஸில் அறை வாடகை மலைக்க வைத்தது. லூக்காவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் புளோரன்ஸ், அரை மணியில் பீசா. (பீசா போகிறவர்கள் பெரிய ஸ்டேஷன் வரை போகாமல் அதற்கு முன்னால் வரும் சான் ரொஸ்ஸோரேயில் இறங்கினால் சாய்ந்த கோபுரம் நடக்கும் தூரம். இரண்டு மணி நேரம் போதும் பீசாவுக்கு.) ஆனால் தங்கிய பிறகு லூக்காவை விட்டு வர மனசில்லை. ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்குக் கோட்டை மதில், முழுசாக நிற்கிறது. மதிலின் மேல்பகுதி ஒரு சாலை அகலம், இரண்டு பக்கமும் மரங்கள். காலையில் ஊர்க்காரர்கள் அங்கேதான் வாக்கிங், சைக்கிள், வம்பு எல்லாம். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் யார் வீட்டுக் கொல்லையிலோ தக்காளிச் செடி, துணி காய்கிற கொடி. கோபுர உச்சியில் மரம் வளர்த்திருக்கிறார்கள், குவினீஜி கோபுரம் என்று பெயர். அந்த ஓக் மர நிழலில் நின்று ஓட்டுக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் இவருக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த அரை மணி நேரம்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். நான் சைவம், இவர் முட்டை வரை. பட்டினி கிடக்கவில்லை. லூக்கா, பீசா பக்கம் செச்சீனா என்று ஒன்று விற்கிறார்கள்: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, பெரிய வட்டத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவது. மேலே மிளகுத்தூள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. நம் அடைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீட்சாவில் மரினாரா கேட்டால் சீஸே இருக்காது. கறாரான சைவக்காரர்கள் பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சமையலறையோடு வீடு எடுத்தால் இன்னொரு வசதி. ரிசோத்தோவுக்கென்று விற்கும் ஆர்போரியோ அரிசி குழையக் குழைய வேகும். தயிர் சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான அரிசி ஐரோப்பாவில் கிடைக்காது. மாவடு ஊரிலிருந்து வந்திருந்தது.

புளோரன்ஸிலிருந்து பொலோனியாவுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணிகூட ஆகாது. ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், கிட்டத்தட்ட முழுப் பாதையும் மலைக்குள் சுரங்கம்.

பொலோனியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் இவர் வழக்கம்போல வாட்சைப் பார்த்து, "பெரிய ஜங்ஷன், கடிகாரம் ஓடலை பாரு" என்றார். சுவரில் இருந்த கடிகாரம் 10:25 காட்டியது. பிறகுதான் அங்கே என்ன நடந்தது என்று படித்தோம். 1980 ஆகஸ்ட் 2, விடுமுறைக் கூட்டம் நிறைந்த காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. அறைக்குள் பெயர்களும் வயதுகளும் கல்லில் இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தையும் உண்டு. சுவரில் ஒரு விரிசலை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். எங்களைப் போலவே அதே அறையில் உட்கார்ந்து ஒரு பெண் ரொட்டி தின்றுகொண்டு ரயிலுக்குக் காத்திருந்தாள்.

பொலோனியா மழைக்கு ஏற்ற ஊர். நடைபாதை முழுக்க வளைவுத் தாழ்வாரம்தான், பழைய நகரத்துக்குள் மட்டும் 38 கிலோமீட்டராம். நாலு நாளில் இரண்டு நாள் மழை, குடையை விரிக்கவே இல்லை.

ராவென்னா போக வைத்திருந்த நாளில் ரயில் வேலைநிறுத்தம். பயப்படாதீர்கள், இத்தாலியில் இது சகஜம். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள். 'ஷோப்பெரோ' என்ற சொல்லைப் பலகையில் பார்த்தால் உஷாராகுங்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட ரயில்களை ஓட்டியே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறது. நாங்கள் தங்கியிருந்த இடத்து வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டதால், விடியலில் ஆறரை மணி வண்டியில் போய், இருட்டிய பிறகு திரும்பினோம். அதனால் ராவென்னாவில் முழுப் பகல் கிடைத்தது. ரோமானியப் பேரரசி கால்லா பிளாச்சிதியாவின் நினைவு மண்டபம் திறந்ததும் உள்ளே போனபோது எங்களைத் தவிர நாலு பேர்தான். வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் அறை. உள்ளே கண் பழகச் சிறிது நேரம் ஆகும். பிறகு தலைக்கு மேலே கருநீலக் கூரையில் பொன் நட்சத்திரங்கள், கண்ணாடிச் சில்லுகளால் பதித்தவை, ஐந்தாம் நூற்றாண்டு வேலை. ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய கல் பலகை வைத்திருப்பதால் வெளிச்சம் தேன் நிறத்தில் வருகிறது. ஐந்து நிமிடம் ஆனதும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் மறுபடி சுற்றி வந்து வாசலில் நின்றோம், காவலுக்கு இருந்த பெண் சிரித்துவிட்டு விட்டாள்.

வெனிஸுக்கு ஒரே ஒரு யோசனை. அறை மலிவு என்று மெஸ்த்ரேயில் தங்காதீர்கள். அது நிலப்பக்கம். டிக்கெட்டையும் மெஸ்த்ரே வரை எடுக்காமல் வெனிஸ் தீவுக்குள்ளேயே இருக்கும் சாந்தா லூச்சியா ஸ்டேஷன் வரை எடுங்கள். மெஸ்த்ரே தாண்டியதும் ரயில் பாம்பன் பாலத்தில் போவது போலத் தண்ணீர் மேல் போகும், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1846ல் கட்டிய பாலம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஸ்டாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கால்வாய். படியில் நின்று இவர் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "இங்கே பெட்டியை எப்படி இழுக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. பாலத்துக்குப் பாலம் படிதான். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். இவருடைய பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து பாலம் ஏறி இறங்கினோம், அதில் பாதி நான் வேண்டாம் என்று சொன்ன ஸ்வெட்டர்.

விமான டிக்கெட்டை ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுகிற மாதிரி போடுங்கள், திரும்பி ரோமுக்கு ஓட வேண்டாம். நாங்கள் போனபோது வெனிஸ் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. அதனால் முழுக்க ரயிலிலேயே என்று ஆரம்பத்தில் சொன்னதில் கடைசி ஒன்றரை மணி நேரம் மட்டும் பொய். படகில் போனோம், விடிவதற்கு முன், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.