செட்டிநாட்டு வீட்டில் புது ஸ்பீக்கரை நூறு மணி நேரம் ஓட்டிப் பழக்க வேண்டுமா?

காரைக்குடியில் ஐயா காலத்து வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், புது ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வைத்திருப்பதாகவும், சத்தம் கணகணவென்று காதைக் குத்துவதாகவும், நூறு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் பள்ளத்தூர், எங்கள் வீடும் அதே மாதிரிதான். புது ஸ்பீக்கர் கொஞ்சம் மாறும் என்பது உண்மை. ஆனால் உங்கள் கணகணப்பு அதனால் போகாது.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கொடுப்பது ஸ்பீக்கருக்குள் முன்னும் பின்னும் அசையும் கூம்பான கோன். அதைப் பிடித்து நிறுத்துபவை இரண்டு: ஓரத்து ரப்பர் வளையம், பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும் துணி. அந்தத் துணியைப் பிசின் ஏற்றி விறைப்பாக்கியிருப்பார்கள். கோன் நன்றாக அசையும்போது விறைப்பு சற்றுத் தளரும், அதன் இயல்பான அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இறங்கும். இதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. மூடிய பெட்டியாக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்றும் ஸ்பிரிங்காக வேலை செய்வதால், துணி தளர்ந்தது காதுக்கு எட்டுவதே அரிது.

ஒரு சாயங்காலம், தவிலோ மிருதங்கமோ நன்றாக ஒலிக்கும் பாட்டாகப் பார்த்து நடுத்தர சத்தத்தில் ஓடவிடுங்கள், போதும். வீட்டில் பெரியவர்களுக்குத் தொந்தரவு என்றால் இரண்டு ஸ்பீக்கரையும் முகத்துக்கு முகம் நெருக்கி வைத்து, ஒன்றின் வயரை மட்டும் பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டு மோனோவில், அதாவது இரண்டிலும் ஒரே ஒலி வரும்படி, ஓட்டுங்கள். பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். அப்புறம் வயரைப் பழையபடி மாற்றிவிட வேண்டும். வால்வு ஆம்ப் என்றால் ஒவ்வொரு முறையும் சூடேற அரை மணி கொடுக்கலாம். வயரைப் பழக்குவது என்று ஒன்று கிடையவே கிடையாது.

நூறு மணி நேரம் கழித்து நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வது பொய்யில்லை, அதற்குள் காது அந்தச் சத்தத்துக்குப் பழகியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஜோடியில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள், மற்றதைச் சும்மா வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து ஒரே பாட்டைக் கேளுங்கள்.

சரி, கணகணப்பு எங்கிருந்து வருகிறது? வீட்டிலிருந்துதான். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துக் கண்ணாடிபோல் தேய்த்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், மேலே உயரமான மச்சு. இந்த மாதிரி வழவழப்பான பரப்புகள் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் விழுங்கும், மிச்சத்தைத் திருப்பி அடிக்கும். திறந்த ஜன்னலோ அத்தனையையும் வெளியே விட்டுவிடும். கணக்குப் போட்டால் முப்பது சதுர மீட்டர் கல்தரை மொத்தமும் விழுங்குவது ஒரு சதுர மீட்டர் ஜன்னல் அளவுக்கு வருமா என்பதே சந்தேகம்.

1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சாபின் என்ற இயற்பியல் ஆசிரியரிடம் இதே சிக்கல் வந்தது. புதிதாகக் கட்டிய உரைக்கூடத்தில் பேசிய சொல் ஐந்தரை விநாடிவரை முழங்கிக்கொண்டே இருந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவையும் உறிஞ்சும் பரப்பையும் வைத்து எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிடும் இன்றைய சூத்திரம் அங்கே பிறந்ததுதான்.

நம் வீடுகளில் மெத்தைக்குப் பஞ்சமா? ஆச்சிக்குச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தைகள் அறையில் அடுக்கிக் கிடந்தால் இரண்டை எடுத்து ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் சாய்த்துப் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் தரையில் கனமான விரிப்பு போடுங்கள். ஜமுக்காளம் மெல்லிசு, கீச்சுச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கும். முடிந்தால் ஸ்பீக்கரை வளவைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். வானம் பார்த்த முற்றத்தில் மேலே போன ஒலி திரும்பி வராது, அதைவிடப் பெரிய ஜன்னல் வீட்டில் வேறில்லை.

பேஸுக்கு மெத்தை உதவாது, இடம் மாற்ற வேண்டும். பின்சுவர் கோனிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் ஒலியோடு மோதி அதை அமுக்கும். ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள்.

இத்தனையும் செய்தும் குத்தினால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். நூறு மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு போய்விடும், பில்லில் அந்தத் தேதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.