நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி: மார்ச் மாதப் பந்தயத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. ஸ்மார்ட் ட்ரெய்னர் (சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளேயே ஓட்டும் கருவி) வாங்கியிருக்கிறேன், வாரம் 6 மணி நேரம் ஒதுக்க முடியும். மார்ச்சில் 4-ம் பிரிவு (பிரிட்டனில் புதியவர்கள் தொடங்கும் நிலை) சர்க்யூட் பந்தயங்களில், அதாவது மூடிய சுற்றுப்பாதைப் பந்தயங்களில், இறங்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

6 மணி நேரம் போதும். பயிற்சித் திட்டம் தேடுவதற்கு முன் ஒரு பெரிய மின்விசிறி வாங்குங்கள். உடல் செலவழிக்கும் ஆற்றலில் பெடலுக்குப் போவது கால்பங்குக்கும் குறைவு, மீதியெல்லாம் வெப்பம். பெடலில் 200 வாட் கொடுத்தால் சுமார் 700 வாட் வெப்பத்தை உடல் வெளியே தள்ளியாக வேண்டும். சாலையில் எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். அறைக்குள் காற்று இல்லாவிட்டால் ரத்தம் தோல் பக்கம் திரும்பும், அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும், 30-வது நிமிடத்தில் கால் ஓய்ந்துவிடும். பலர் இதைத் தங்கள் திறமைக் குறைவு என்று நினைத்து மனம் தளர்கிறார்கள். மேசை விசிறி பயன்படாது. 18 அங்குலத் தரை விசிறி ஒன்றை நெஞ்சுக்கு நேராக வையுங்கள், முடிந்தால் இன்னொன்றை முதுகுப் பக்கம் வையுங்கள். ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முன்கூட்டியே திறந்துவிடுங்கள். அறை 16 முதல் 18 டிகிரியில் இருந்தால் நல்லது. முதல் 10 நிமிடம் குளிரத்தான் செய்யும்.

பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர் என்றால் கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) பொருந்துகிறதா என்று பாருங்கள். 11 வேக ஃப்ரீஹப்பில் (கேசட் ஏறும் உருளை) 8, 9 அல்லது 10 வேக கேசட் போட்டால் பின்னால் 1.8 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளி வளையம்) வேண்டும். அதை விட்டுவிட்டால் லாக்ரிங் (கேசட்டைப் பூட்டும் வளையம்) இறுகியது போலத் தெரிந்தாலும் கேசட் ஆடும், கியர் தாவும். ஷிமானோவின் 12 வேக சாலை கேசட் இதே 11 வேக ஃப்ரீஹப்பில் ஏறும், 10 பல்லில் தொடங்கும் ஸ்ராம் 12 வேக கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் (XDR) ஃப்ரீஹப் தனியாக வாங்க வேண்டும். லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள். சக்கரத்தில் கியர் ஒழுங்காக விழுந்த சைக்கிள் ட்ரெய்னரில் கடகடவென்று சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், கேசட் நிற்கும் இடம் நூலளவு மாறியிருக்கும். ரியர் டிரெய்லியரின் (பின்பக்கம் கியர் மாற்றும் கருவி) கேபிள் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.

சைக்கிளுக்கு வியர்வைதான் பெரிய எதிரி. முகத்திலிருந்து சொட்டுவது ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) போல்ட்டிலும் ஹெட்செட்டின் (ஹேண்டில்பார் திரும்பும் மூட்டு) மேல் பேரிங்கிலும் இறங்குகிறது, கையிலிருந்து வழிவது ஹேண்டில்பார் டேப்புக்குள் ஊறுகிறது. அலுமினிய பார் என்றால் டேப்பைப் பிரித்தவுடன் வெள்ளைப் பொடி உதிரும், அதைத் துடைத்தால் கீழே உலோகத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். பிரேக் லீவரின் வளையம் இறுக்கிப் பிடிக்கும் இடத்தில் இப்படி அரித்திருந்தால் அந்த பாரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஸ்பிரிண்ட்டில் கையோடு முறிந்து வரக்கூடிய இடம் அது. பார்மேல் ஒரு துண்டு விரித்து வையுங்கள், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஈரத்துணியால் சைக்கிளைத் துடையுங்கள், பிப்ரவரி கடைசியில் டேப்பை மாற்றுங்கள்.

அடுத்தது எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட் அளவு. நிமிடத்துக்கு 20 வாட் ஏறும் ரேம்ப் டெஸ்ட்டில் கடைசி நிமிட சராசரியில் 75 சதவீதத்தை எடுப்பார்கள். குறுகிய நேர வேகம் அதிகமுள்ளவர்களுக்கு இது கூடுதலாகக் காட்டும். அதனால் 20 நிமிட டெஸ்ட்டையே பரிந்துரைக்கிறேன். நன்றாக உடலைச் சூடேற்றி, 5 நிமிடம் கடுமையாக ஓட்டி, 10 நிமிடம் இளைப்பாறி, பிறகு 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டுங்கள். அந்த சராசரியில் 95 சதவீதம்தான் உங்கள் எண். வீட்டுக்குள் கிடைக்கும் எண் சாலையில் கிடைப்பதைவிடக் குறைவாக வருவது சகஜம். உள்ளே ஓட்ட உள்ளே எடுத்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் பவர் மீட்டர் இருந்தால் அதுவும் ட்ரெய்னரும் சில வாட் மாறிச் சொல்லும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து சீசன் முழுக்க அதையே நம்புங்கள்.

6 மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: செவ்வாய், வியாழன் தலா 70 நிமிடம் கடுமையான பயிற்சி, இடையில் ஒரு நாள் 45 நிமிடம் மிக லேசாக. மீதி 2 மணி 55 நிமிடத்தை ஞாயிறு பகலில் வெளியே, எஃப்டிபியில் 60 முதல் 70 சதவீதத்தில் ஓட்டுங்கள். பனி உறைந்த நாளில் மட்டும் அதையும் உள்ளே ஓட்டலாம், அப்போது இரண்டு மணி நேரம் போதும். உள்ளே இறக்கமும் இல்லை, சிக்னலும் இல்லை, கால் நிற்காமல் சுற்றுகிறது.

நவம்பரிலிருந்து டிசம்பர் பாதிவரை கடுமையான நாட்களில் எஃப்டிபியில் 88 முதல் 92 சதவீதத்தில் நீண்ட இன்டர்வெல்கள் (இடையில் ஓய்வு விட்டு ஓட்டும் சுற்றுகள்); இனி வரும் சதவீதங்களும் எஃப்டிபியில்தான். 2 முறை 15 நிமிடத்தில் தொடங்கி, 3 முறை 15, பிறகு 2 முறை 25 என்று நேரத்தைக் கூட்டுங்கள், வாட்டைக் கூட்டாதீர்கள். அதன்பின் ஜனவரி பாதிவரை ஓவர்-அண்டர்: 2 நிமிடம் 95 சதவீதம், 1 நிமிடம் 105 சதவீதம், இதை 12 நிமிடம் தொடர்ந்து, 3 செட். ஒவ்வொரு 4-வது வாரமும் மொத்த நேரத்தை 60 சதவீதமாகக் குறையுங்கள். இந்த ஓய்வு வாரத்தைத் தவிர்த்தவர்கள்தான் பிப்ரவரியில் சளியோடும் செத்த காலோடும் நிற்பார்கள்.

ஜனவரி பாதிக்குப் பிறகுதான் பந்தயத்துக்கே உரிய வேலை. லண்டனின் ஹில்லிங்டன், லீ வேலி மாதிரி சர்க்யூட்டில் 40 முதல் 60 நிமிடம் சீராக யாரும் ஓட்டுவதில்லை. வளைவில் வேகம் குறைகிறது, வெளியேறும்போது 8, 10 விநாடி பலமாக மிதிக்க வேண்டியிருக்கிறது, உடனே காற்று மறைவில் ஓய்வு. இது பல டஜன் முறை நடக்கும். எஃப்டிபி நன்றாக இருந்தும் கூட்டத்திலிருந்து கழன்றுபோகிறவர்கள் இந்தத் திரும்பத் திரும்ப வரும் உதைக்குப் பழகாதவர்கள். செவ்வாயன்று 30 விநாடி கடுமை, 15 விநாடி லேசு என்று 13 முறை, இதை 3 செட், செட்டுக்கு இடையில் 3 நிமிடம் ஓய்வு. முதல் முறையிலேயே 130 சதவீதம் போடாதீர்கள். மூன்றாவது செட்டின் கடைசி 30 விநாடியிலும் அதே வாட் வர வேண்டும், பெரும்பாலானோருக்கு அது 115 முதல் 120 சதவீதத்தில் அமையும். வியாழனன்று 10 விநாடி எழுந்து நின்று உதைப்பது, 25 விநாடி மிக லேசு, இப்படி 10 நிமிடம், 3 செட்.

இந்த இரண்டுக்கும் ஈஆர்ஜி மோடை அணைத்துவிடுங்கள். அதில் வாட்டை ட்ரெய்னர் பிடித்து வைக்கிறது, நீங்கள் மெதுவாகச் சுற்றினால் பெடல் இன்னும் கனமாகிறது. களைத்த நேரத்தில் கேடன்ஸ் (நிமிடத்துக்குப் பெடல் சுற்றும் எண்ணிக்கை) 85-லிருந்து 60-க்கு விழுந்தால் பெடல் சேற்றில் புதைந்தது போல நின்றுவிடும். அப்போது முட்டி மோதாமல், 10 விநாடி மிதிப்பதை நிறுத்திவிட்டு வேகமாகச் சுற்றத் தொடங்குங்கள். தவிர, அந்த மோடில் வாட் மாற சில விநாடி பிடிக்கும், 10 விநாடி உதையில் பாதி அதிலேயே வீணாகும். நீண்ட இன்டர்வெல்லுக்கு அது அருமையான வசதி. பெரிய செயின்ரிங்கில் (முன்பக்கப் பல்சக்கரம்) ஓட்டினால் ட்ரெய்னரின் ஃப்ளைவீல் (உள்ளே சுழலும் கனமான சக்கரம்) வேகமாகச் சுழன்று சமதளச் சாலை போல இருக்கும், சின்ன ரிங்கில் மேடேறுவது போல இருக்கும். சர்க்யூட்டுக்குத் தயாராகும் நீங்கள் பெரிய ரிங்கிலேயே அதிகம் பழகுங்கள்.

ஸ்விஃப்ட் (ட்ரெய்னரை இணைத்து இணையத்தில் மற்றவர்களோடு ஓட்டும் செயலி) பந்தயங்கள் ஜனவரிக்குப் பிறகு வாரம் ஒன்று, ஒரு கடுமையான பயிற்சிக்குப் பதிலாக மட்டும். அங்கே மிதிப்பதை ஒரு கணம் நிறுத்தினாலே கூட்டம் போய்விடும், அதனால் எப்போதும் மிதிக்கும் பழக்கம் வந்துவிடும். நிஜ சர்க்யூட்டில் மிதிக்காமல் உருளத் தெரிந்தவருக்குத்தான் கடைசிச் சுற்றில் கால் மிச்சமிருக்கும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: 75 நிமிடத்தைத் தாண்டினால் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மில்லி தண்ணீர், அதில் கொஞ்சம் உப்பு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குடித்த தண்ணீரையும் கணக்கில் சேர்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் சுமார் ஒரு லிட்டர் வியர்வை. உடல் எடையைக் குறைக்க நினைத்தால் நவம்பர், டிசம்பரில் மெதுவாகச் செய்யுங்கள், உதைப் பயிற்சி தொடங்கிய பிறகு பட்டினி வேண்டாம்.

வளைவில் சாய்வதையும் தோளோடு தோள் உரசி ஓட்டுவதையும் ட்ரெய்னர் சொல்லித்தராது. பிப்ரவரியில் ஞாயிறு ஓட்டத்தில் இரண்டை ஏதாவது கிளப்பின் குழு ஓட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள், புதியவர்களுக்கான பந்தயப் பயிற்சி வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். 3-ம் பிரிவுக்கு ஏற 12 புள்ளிகள் வேண்டும். முதல் இரண்டு பந்தயங்களில் அதைத் துரத்தாமல், கூட்டத்தின் முதல் 15 பேருக்குள் கடைசிவரை நிற்பதை இலக்காக வையுங்கள். வளைவிலிருந்து வெளியேறும் உதை அங்கேதான் மிகக் குறைவாக விழும்.