எட்டு மாதமாகியும் உட்காரவில்லையே?

கேள்வி: என் மகன் 30-வது வாரத்தில், 1,300 கிராம் எடையில் பிறந்தான். இப்போது 8 மாதம். சிரிக்கிறான், குப்புற விழுகிறான், தனியாக உட்காரவில்லை. அதே மாதம் பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை தவழவே ஆரம்பித்துவிட்டது. சத்துமாவு கொடுத்து எடையைச் சீக்கிரம் ஏற்றலாமா டாக்டர்?

பதில்: முதலில் காலண்டரை எடுங்கள் அம்மா. 40 வாரத்தில் பிறக்க வேண்டியவன் 10 வாரம் முந்திக்கொண்டான். எட்டு மாதத்தில் அந்த இரண்டரை மாதத்தைக் கழியுங்கள். உங்கள் மகனுக்கு வயது ஐந்தரை மாதம். அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் தனியாக உட்காருவதில்லை.

இதை உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் அர்னால்ட் கெசல் என்றொருவர் இருந்தார். கவிழ்த்த கிண்ணம் போன்ற கூண்டுக்குள் குழந்தையைப் படுக்கவைத்து, வெளியிலிருந்து சினிமா கேமராவில் பிடித்து, தலை நிற்பது, புரள்வது, கை நீட்டுவது என ஒவ்வொன்றாகப் பார்த்தவர். குறைமாதக் குழந்தைகளையும் கவனித்து 1940-களில் அவர் எழுதியது இதுதான்: நரம்பு மண்டலம் கருவான நாளிலிருந்து தன் போக்கில் முதிர்கிறது, முன்னதாக வெளியே வந்துவிட்டதற்காக அது அவசரப்படாது. இன்றும் 2 வயதுவரை இப்படிக் கழித்துத்தான் பார்க்கிறோம். எடையையும் அந்த வயதுக்கே அட்டவணையில் குறிக்கச் சொல்லுங்கள்.

சத்துமாவு விஷயத்துக்கு வருகிறேன். 1980-களில் இங்கிலாந்தில் ஆலன் லூகாஸ் குழுவினர், பிறந்த புதிதில் சில குறைமாதக் குழந்தைகளுக்குச் சத்துக் கூட்டிய பால்மாவு கொடுத்தார்கள். சாதாரண பால்மாவு குடித்தவர்களைவிட இவர்கள் ஒன்றரை வயதில் வளர்ச்சிச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். அப்புறம் அதே பிள்ளைகளைப் பதின்பருவத்தில் சோதித்தபோது, அந்தக் கூடுதல் சத்து குடித்தவர்களிடம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கான அறிகுறி சற்று அதிகம்! ஆக, அந்த முதல் சில வாரங்களில் சத்து அவசியம்தான். இப்போது கொழுக்கவைக்க வேண்டியதில்லை. தாய்ப்பால் தொடரட்டும். தலை நன்றாக நின்றுவிட்டதென்றால், மசித்த பருப்புச் சாதத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். வாக்கர் வேண்டவே வேண்டாம்.

கை எப்போதும் இறுக மூடியிருக்கிறதா, கால் விறைக்கிறதா, ஒரு கையை மட்டுமே நீட்டுகிறானா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் விழித்திரைச் சோதனையும் காது சோதனையும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. ஒன்பதாவது மாத ஊசி, பிறந்த தேதிப்படி அடுத்த மாதமே.