தின்னர் வாடைக்கு ஈஸ்ட் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரச்சாமான் பட்டறை இருக்கிறது. ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் நாளெல்லாம் தின்னர் வாடை படுக்கையறை வரை வருகிறது. மருமகள் ஆறு மாத கர்ப்பம். நச்சுக்காற்றை ஈஸ்ட் சிதைத்துவிடும் என்று படித்தேன். பேக்கரி ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து ஜன்னலோரம் வைத்தால் பலன் இருக்குமா, ஐயா?
— வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. ரொட்டி ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும்; தின்னரில் இருக்கும் டொலுயீனை அதனால் சிதைக்க முடியாது.

ஆனால் நீங்கள் படித்தது பொய்யில்லை. அது வேறு ஈஸ்ட். எக்ஸோஃபியாலா என்று பெயர். கறுப்பு ஈஸ்ட் என்போம்; அதுவும் ஒரு பூஞ்சைதான். ஆய்வுக்கூடத்தில் பல வருடம் அதோடு பழகியிருக்கிறேன். தட்டில் வளரும்போது ஈரத் தார் பூசியது போல மினுங்கும். கண்ணாடிக் குழாயில் பெர்லைட் என்னும் நுண்துளைக் கல் துகள்களை நிரப்பி, அதன்மேல் இதை வளரவிட்டு, டொலுயீன் கலந்த காற்றைச் செலுத்துவோம். டொலுயீன் மூலக்கூறு என்பது கார்பன் அணுக்களால் ஆன ஒரு வளையம், அதில் ஒட்டிய ஒரு சின்ன வால். இந்த வகைப் பூஞ்சைகள் முதலில் வாலில் ஆக்சிஜனைச் சேர்க்கும். அது படிப்படியாகப் பென்சோயேட் ஆகும். ஊறுகாய் பாட்டிலில் சோடியம் பென்சோயேட் என்று போட்டிருப்பார்களே, அதேதான். அப்புறம் வளையம் உடைந்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் மிஞ்சும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

இந்தக் குழாய்தான் காற்றுக்கு வடிகட்டி. ஈஸ்ட்டுக்குப் பதில் பாக்டீரியாவை வளர்க்கும் வடிகட்டி கொஞ்சம் காய்ந்தாலும், அமிலம் ஏறினாலும் படுத்துவிடும். கறுப்பு ஈஸ்ட் இரண்டையும் தாங்கும். 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதே இனத்தை வைத்து ஸ்டைரீன் ஆவியையும் சிதைத்துக் காட்டினார்கள். ஃபைபர்கிளாஸ் வேலை நடக்கும் இடத்தில் மூக்கைத் துளைக்குமே, அந்த ஆவிதான்.

சரி, இது வீட்டுக்கு ஏன் ஆகாது? காற்று முழுவதையும் குழாயில் பிடித்து, வடிகட்டிக்குள் அரை நிமிடமாவது தங்கவைக்க வேண்டும். திறந்த ஜன்னலில் அது நடக்காது. அதைவிட முக்கியம், எக்ஸோஃபியாலாவில் சில வகைகள் மனிதருக்கே தொற்றும். அரிதாக மூளை வரை போனதும் உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

பட்டறைக்காரரிடம் நேரில் பேசுங்கள். பெயின்ட் அடிக்கும் இடத்தை அடைத்து, எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, புகைக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அதுவரை மருமகள் முன்னறையில் படுக்கட்டும். ஸ்ப்ரே அடிக்கும்போது பின்பக்க ஜன்னலைச் சாத்தி, வாடை போனபின் எல்லா ஜன்னலையும் திறந்து விடுங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இந்த வாடை விஷயத்தை அவசியம் சொல்லுங்கள், தலைவலியோ கிறுகிறுப்போ இருந்தால் அதையும் சேர்த்து.