நெல் வயலில் நடப்படும் 'பறவைத் தாங்கி' என்பது என்ன? அதனால் என்ன பயன்?

பறவைகள் உட்காருவதற்காக வயலில் ஊன்றும் குச்சிதான் பறவைத் தாங்கி. காவிரிப் பாசனப் பகுதியில் பெரும்பாலும் காய்ந்த தென்னை மட்டையை, அகன்ற அடிப்பாகம் மேலே வரும்படி தலைகீழாக நடுவார்கள். ஏக்கருக்கு 15 முதல் 20 போதும்.

ஐப்பசியில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும். அறுத்த வயலில் இரை குறைந்துபோன எலிகள், வரப்பில் வளை தோண்டிக்கொண்டு பக்கத்துச் சம்பாப் பயிரின் தூர்களைக் கடிக்கத் தொடங்கும். அவற்றைப் பிடிக்கக் கூகை என்னும் ஆந்தை உண்டு. ஆனால் மரமே இல்லாத சமவெளியில் அது எங்கே உட்கார்ந்து இரை தேடும்? தினைப்புனத்தில் காவலுக்குப் பரண் கட்டுவதைப் போன்றதுதான் இதுவும். உயரத்தில் இடம் கிடைத்தால் வயல் முழுவதும் பார்வைக்குள் வந்துவிடும்.

விடிந்ததும் மட்டையின் அடியில் பாருங்கள். ரோமமும் சிறு எலும்புகளும் சேர்ந்த கறுத்த உருண்டைகள் கிடக்கும். எலியை முழுதாக விழுங்கும் கூகை, செரிக்காததை இப்படிக் கக்கிவிடும். பகலில் அதே மட்டையில் கரிச்சான் (இரட்டைவால் குருவி) உட்கார்ந்து அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். செலவே இல்லாத இந்தக் காவலை, கூகையின் அலறல் அபசகுனம் என்று விரட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தாங்கி வைத்தால் பறவைகள் நெல்லைத் தின்றுவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். கூகையும் கரிச்சானும் தானியம் தின்பதில்லை, தின்னும் சில்லைக் குருவிகள் உட்காராமலிருக்கக் கதிர் வந்ததும் தாங்கிகளைப் பிடுங்கிவிடலாம்.